சென்னை ஹோட்டல்களில் ஆள் ஏன் நிற்பதில்லை?

"ஆட்கள் தேவை. சப்ளையர், தோசை மாஸ்டர், கிளீனர். உணவு, தங்குமிடம் இலவசம்." இந்த அறிவிப்பு கண்ணில் படாமல் சென்னையில் ஒரு கிலோமீட்டர் நடப்பது கஷ்டம். முன்பெல்லாம் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டுவார்கள், ஆள் வந்ததும் கிழித்துவிடுவார்கள். இப்போது பல கடைகளில் ஃபிளெக்ஸ் போர்டாகவே அடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆள் வருவார், பத்து நாளோ இரண்டு மாதமோ இருப்பார், ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிடுவார். அடுத்து வருகிறவருக்கும் அதே போர்டுதான்.

தொழில் படுத்துவிட்டதா என்றால் இல்லை. 2023-24 கணக்குப்படி நாடு முழுக்க உணவகத் தொழிலில் நேரடியாக 85 லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்றும், 2028-ல் அது ஒரு கோடியைத் தாண்டும் என்றும் இந்திய தேசிய உணவகங்கள் சங்கம் தன் அறிக்கையில் சொல்கிறது. உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வருகையில் பெரும்பாலான ஆண்டுகளில் முதல் இரண்டு இடங்களில் தமிழ்நாடு இருக்கிறது. சென்னைக்காரர்கள் வெளியில் சாப்பிடுவதும் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. இன்னொரு பக்கம், பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடுகிற இளைஞர்கள் இதே ஊரில் ஏராளம். வேலை இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். இரண்டும் ஏன் ஒட்டவில்லை?

முதலாளிகளைக் கேட்டால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கல சார்" என்பார்கள். ஊழியர்களைக் கேட்டால், "பன்னெண்டு மணி நேரம் நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்பார்கள். இந்த இரண்டு பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. இந்தத் தொழில் கடந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் ஆள் எடுக்கும் ஊரை இரண்டு முறை மாற்றியிருக்கிறது. வேலையின் வடிவத்தை ஒருமுறைகூட மாற்றவில்லை. இன்று தெரிகிற தட்டுப்பாடு அதன் விளைவு.

அரசுப் புள்ளிவிவரத்தைப் புரட்டி இதைத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அது அவ்வளவு சுலபமில்லை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கை, வணிகத்தையும் ஹோட்டல், உணவகத்தையும் ஒரே தலைப்பில் போடுகிறது. நாட்டில் வேலை செய்கிற நூறு பேரில் சுமார் 12 பேர் அந்தத் தலைப்பில் வருகிறார்கள். அதாவது தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுபவரும், எதிர்ச்சாரியில் இட்லி அவிப்பவரும் ஒரே கட்டத்தில்! உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இன்னும் மோசம். போக்குவரத்து, தகவல் தொடர்பையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். ஆகவே சமையலறையையும் தெருவையும் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

மூன்று ஊர்களிலிருந்து வந்த ஆட்கள்

முதல் அலை உடுப்பியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தது. சமையலறை எடுபிடியாகத் தொடங்கிய உடுப்பிக்காரர் கே. கிருஷ்ணராவ், 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டல் நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். அவர் கடையில் வேலை பார்க்க அவர் ஊர்ப் பக்கத்து ஆட்களே வந்தார்கள். சாம்பார் எப்படி இருக்க வேண்டும், இலை எப்படிப் போட வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. கூடவே நின்று கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது அலைதான் இன்றைய சென்னை ஹோட்டலின் முகத்தை வடித்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம் என்று மழையை நம்பிய சீமைகளிலிருந்து பையன்கள் ரயிலேறினார்கள். அந்தப் பாதையில் ரொம்ப தூரம் போனவர் சரவணபவன் ராஜகோபால். சிறுவயதில் ஹோட்டலில் மேஜை துடைத்தவர், சென்னையில் மளிகைக்கடை வைத்து, 1981-ல் கே.கே. நகரில் ஹோட்டல் திறந்தார். பின்னாளில் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2019-ல் இறந்தது ஊரறிந்த கதை. தொழில் பற்றிப் பேசும்போது அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. ஊழியருக்கு வீட்டு வசதி, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று கொடுத்து ஆளைத் தக்கவைக்கலாம் என்று அந்தக் கடை செய்து காட்டியது. "அண்ணாச்சி கடை" என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்லும்போது அதில் கொஞ்சம் மரியாதை இருப்பதற்கு அதுதான் காரணம். மற்ற கடைகள் அந்தச் சாம்பாரைக் காப்பியடித்த வேகத்தில் இதைக் காப்பியடிக்கவில்லை.

அந்தக் காலத்து ஹோட்டலுக்குள் ஓர் ஏணி இருந்தது. கிளீனராக நுழைகிற பையன் டேபிள் துடைப்பான், அப்புறம் தண்ணீர் வைப்பான், சப்ளையர் ஆவான். கை பழகினால் தோசைக்கல் பக்கம் போய் மாஸ்டர் ஆவான். சாம்பாரும் குழம்பும் வைக்கிற சரக்கு மாஸ்டர் ஆகிவிட்டால் சமையலறையே அவர் ராஜ்யம். நாணயமானவன் என்று பெயரெடுத்தால் கல்லாவில் உட்காரலாம். மாமனோ மச்சானோ கை கொடுத்தால் சொந்தக் கடை. எல்லோரும் ஏறிவிடவில்லை. ஆனால் ஏறியவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள். "நம்ம ஊர்க்காரர், இதே கடையில இலை எடுத்தவர்தான்" என்று சுட்டிக்காட்ட ஓர் ஆள் எப்போதும் இருந்தார்.

அந்த ஏணியின் முதல் படியில் நின்றது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2006 அக்டோபர் 10 முதல் ஹோட்டல், டீக்கடை, தாபாக்களில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. 2016 சட்டத் திருத்தம் அந்தத் தடையை எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. ரொம்பத் தாமதமாக வந்த சட்டம். அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் ஹோட்டல் தொழிலின் பயிற்சிக்கூடமே அந்தப் பிள்ளைகளை நம்பித்தான் ஓடியது. அதை மூடியபோது பதிலுக்கு வேறு ஒன்றைத் தொழில் கட்டவில்லை.

சட்டம் மட்டும் காரணமில்லை. 1982-ல் விரிவான சத்துணவுத் திட்டம், அப்புறம் இலவச பஸ் பாஸ், சைக்கிள், லேப்டாப் என்று பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்க தமிழ்நாடு ரொம்பச் செய்திருக்கிறது. 2021-22 கணக்கில் உயர்கல்விக்குப் போகிறவர்களின் விகிதம் நாட்டுக்கே 28 என்றால் தமிழ்நாட்டில் 47. குடும்பத்துக்குப் பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. நாலாவது பையனை மெட்ராஸ் ஹோட்டலுக்கு அனுப்பலாம் என்று யோசிக்க நாலாவது பையனே இல்லை. இருக்கிற ஒருவனும் பாலிடெக்னிக்கில் இருக்கிறான்.

இப்படித்தான் மூன்றாவது அலை வந்தது. ஒடிசா, மேற்கு வங்கம், அஸ்ஸாம், பீகார், ஜார்க்கண்ட், மணிப்பூர், நேபாளம். முதலில் பாத்திரம் கழுவ வந்தார்கள், அப்புறம் சைனீஸ், தந்தூரி அடுப்புக்குப் போனார்கள். இன்று பல கடைகளில் பொடி தோசை வார்ப்பவரும் வெண்பொங்கல் கிளறுபவரும் அவர்கள்தான். புதிதாக வந்த பையன் தமிழை வீட்டுப் பேச்சிலிருந்து கற்பதில்லை, மெனு கார்டிலிருந்து கற்கிறான். "நெய் ரோஸ்ட், சாம்பார் எக்ஸ்ட்ரா, சக்கரை கம்மி" என்பதெல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடும். "எங்கே தம்பி கைகழுவுற இடம்?" என்று கேட்டால் முழிப்பான். அதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆகும். கிரீம்ஸ் ரோடு பக்கம் இதே கதை தலைகீழாக நடக்கிறது. சிகிச்சைக்காக வரும் வங்காளிக் குடும்பங்களுக்காக அங்கே லாட்ஜ் போர்டுகளே வங்காள எழுத்தில் இருக்கும், மீன் குழம்பும் கடுகெண்ணெயில்தான். அங்கே கொல்கத்தா பக்கத்து ஆள்தான் கெத்து, தமிழ்ப் பையன் உதவியாள்.

முதலாளிகளுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. வெளியூர்ப் பையன் பத்துப் பதினோரு மாதம் லீவு கேட்காமல் நிற்பான், தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போக மாட்டான், மாடியறையில் தூங்குவான். ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆளை நம்பித் தொழில் நடத்துவதில் உள்ள ஆபத்து மூன்றரை ஆண்டுக்குள்ளேயே நன்றாகத் தெரிந்துபோனது. 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் மூட, மே மாதம் சிறப்பு ரயில்களில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கடை திறந்தபோது சமையலறையில் ஆளில்லை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பரவின. அரசும் காவல்துறையும் மறுத்தும் பலர் மூட்டையைக் கட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் 2-ம் தேதி பாலசோர் அருகே விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ், சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த ரயில். அதில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இங்கே வேலைக்குத் திரும்பியவர்கள், முதன்முறை வேலை தேடி வந்தவர்கள்.

இலவச அறை யாருக்கு?

அறிவிப்புப் பலகைக்கு வருவோம். "உணவு, தங்குமிடம் இலவசம்" என்ற மூன்று சொல்லில் இந்தத் தொழிலின் சம்பளக் கணக்கே அடங்கியிருக்கிறது. கையில் தரும் தொகை குறைவு, ஆனால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் செலவில்லை, ஆகவே மொத்தமாக வீட்டுக்கு அனுப்பலாம் என்பது முதலாளி சொல்லும் வாதம். வெளியூரிலிருந்து வருகிற கல்யாணமாகாத பையனுக்கு இது சரியான கணக்கு. வியாசர்பாடியிலோ சைதாப்பேட்டையிலோ அம்மா அப்பாவோடு இருக்கிற பையனுக்கு அந்த அறையால் என்ன பயன்? அதைப் பணமாகக் கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டார்கள். கல்யாணமானவருக்கும் அதே கதி. எட்டுப் பேர் படுக்கும் மாடியறையில் மனைவி பிள்ளையோடு இருக்க முடியாது. வெளியே வீடு எடுத்தால் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகும். இந்தச் சம்பள முறை தானாகவே உள்ளூர்க்காரரையும் குடும்பஸ்தரையும் வடிகட்டிவிடுகிறது. அப்புறம் "லோக்கல் ஆளே வர்றதில்ல" என்று புலம்பல்.

வேலை நேரம் அதைவிடச் சிக்கல். நடுத்தர சைவ ஹோட்டலில் சப்ளையர் காலை ஆறுக்கு உள்ளே வருவார். டிபன் கூட்டம் அடங்கப் பதினொன்று ஆகும். மறுபடி மாலை நாலரை மணிக்கு யூனிஃபார்ம் போட்டால் ராத்திரி பத்தரை, பதினொன்று. நடுவில் உள்ள நேரத்துக்கு பிரேக் என்று பெயர். அந்த ஐந்தரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்வர முடியாது, வேறு வேலையும் பார்க்க முடியாது. மாடியில் படுத்துப் போன் பார்க்கலாம். கையெழுத்துப் போடும் நேரத்தை மட்டும் கூட்டினால் பதினொரு மணி நேரம், ஆனால் போவது ஒரு முழு நாள். ஹோட்டல்களுக்கென்றே 1958-ல் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் என்று தனிச் சட்டம் போடப்பட்டது. வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் இருக்கிறது. நடைமுறையில் பல சிறு கடைகளில் வார விடுமுறை என்பது, கேட்டு வாங்கிக்கொண்டு அன்றைய சம்பளத்தை விட்டுக்கொடுப்பது.

பேச்சு வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது ஆளைக் கூப்பிட வாடிக்கையாளர் விரல் சொடுக்குவார். கல்லாவில் இருப்பவர் எல்லோர் முன்னாலும் "டேய்" என்பார். எச்சில் இலை எடுக்கும் வேலைக்கு நம் ஊரில் எப்போதும் ஒரு சாதிக் கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது முடித்த பையன் இதற்கெல்லாம் தலையாட்ட மாட்டான், ஆட்டவும் கூடாது.

டிப்ஸ் விஷயத்தையும் கவனிக்க வேண்டும். சப்ளையரின் வருமானத்தில் சோம்புத் தட்டில் விழும் சில்லறை ஒரு முக்கியப் பங்கு. யுபிஐ வந்தபிறகு கியூ ஆர் கோடை ஸ்கேன் செய்து 187 ரூபாய் என்றால் 187 ரூபாயை அனுப்பிவிட்டு எழுந்துபோகிறோம். முன்பு இருநூறு ரூபாய் நோட்டு வைத்திருந்தால் மீதிப் பதின்மூன்றில் பத்தாவது அங்கேயே நின்றிருக்கும். இதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை, ஆனால் எந்தச் சப்ளையரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்.

முதலாளி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இடத்துக்கு வாடகை, டெலிவரி செயலிகளுக்குக் கமிஷன், வணிக சிலிண்டர் விலை என்று அடுக்குவார். 2017 நவம்பரில் ஹோட்டல் பில்லுக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைத்தபோது, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஏசி மெஷின் வாங்கினாலும் வாடகை கட்டினாலும் அதன்மேல் உள்ள வரி கடைக்காரர் தலையில். இட்லிக்கு இரண்டு ரூபாய் கூட்டினால் அடுத்த நாள் நாம் விலைப்பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு அழுகிறோம். காபி மட்டும் பழைய விலைக்கே வேண்டும் நமக்கு.

தொழிலில் ஒரே ஒருவர் மட்டும் யாருக்கும் பயப்படுவதில்லை: பரோட்டா மாஸ்டர். மாலை நான்கு மணிக்கு வருவார், எத்தனை கிலோ மைதா என்று கேட்பார், வேலை முடிந்ததும் அன்றைக்கே கையில் கூலி வாங்கிக்கொண்டு போவார். முதலாளி முகம் சுளித்தால் நாளைக்கு எதிர்க்கடையில் வீசுவார். அவருக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்கிறார்கள், அதையும் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற மாஸ்டர்களும் உண்டு. பரோட்டா போடக் கற்றுத்தர மதுரையில் பயிற்சி மையமே நடக்கிறது, பட்டதாரிகளும் சேர்கிறார்கள். கை வித்தை இருந்து, நேரம் தன் கையில் இருந்து, கூலி அன்றாடம் கிடைத்தால் அதே அடுப்புச் சூட்டில் தமிழ்ப் பையன் நிற்கிறான். சூடு பிரச்சினையே இல்லை போலிருக்கிறது.

ஆட்கள் போன இடம்

சமையலறைக்குள் வராத பையன், அதே ஹோட்டல் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்விகி, ஸொமாட்டோ பை மாட்டிக்கொண்டு. 2020-21-ல் நாட்டில் எல்லா வகை செயலி வேலைகளிலும் சேர்த்து 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-க்குள் அது 2.35 கோடி ஆகலாம் என்றும் நிதி ஆயோக் கணித்தது. காகிதத்தில் பார்த்தால் ஹோட்டல் வேலைதான் மேல். பத்துப் பேராவது இருந்தால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, இருபது பேராவது இருந்தால் பிஎஃப். டெலிவரி பையனுக்கு இரண்டும் இல்லை, பெட்ரோல் அவனுடையது, மழை அவனுடையது, விபத்தும் அவனுடையது. ஆனாலும் அங்கேதான் போகிறான். ஏனென்றால் தங்கை கல்யாணம் என்றால் ஆப்பை அணைத்துவிடலாம். யாரும் "டேய்" என்று கூப்பிடுவதில்லை. ஹோட்டல்காரர்கள் சம்பளத்தை ஆயிரம் கூட்டிப் பார்க்கிறார்கள், அவன் போனது ஆயிரத்துக்காக இல்லை என்பது அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை.

அரசு இந்தப் பக்கம் கொஞ்சம் சீக்கிரமாகவே திரும்பியிருக்கிறது. செயலித் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், வாரியமும் வந்தது. 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அண்ணா நகரிலும் தி.நகரிலும் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. நல்லதுதான். நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவருக்கு அப்படி ஓர் அறை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பங்கு மத்திய சமையலறைகளுக்குப் போயிருக்கிறது. கிளைகள் பெருகிய ஹோட்டல்கள் மாவு, சட்னி, குருமா, இனிப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தயாரித்து வேனில் அனுப்புகின்றன. கிளையில் சூடு பண்ணி, தாளித்துக் கொட்டினால் போதும். ருசி எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருக்கும் என்பது பெருமை. சரக்கு மாஸ்டர் என்ற மனிதர் இனி ஒவ்வொரு கிளைக்கும் வேண்டாம் என்பது அதன் மறுபக்கம். ஏணியில் மேல்படி ஒன்று சத்தமில்லாமல் போயிற்று. இது புதிதும் இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் வந்தபோது ஆட்டுக்கல் முன் விடியற்காலையில் உட்கார்ந்திருந்த மாவாட்டி இப்படித்தான் காணாமல் போனார். 2017 வாக்கில் ஓ.எம்.ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோ பரிமாறும் உணவகம் வந்தபோது எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள், வேலை போய்விடும் என்று பயந்தார்கள். வேலையை மாற்றியது அந்தப் பொம்மை இல்லை, மாவு வேன்.

நம் கண்ணில் படாத பெரிய சமையலறைகளும் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலும் ஓ.எம்.ஆர் அலுவலகங்களிலும் தினமும் ஆயிரக்கணக்கில் சாப்பாடு போடுவது ஒப்பந்த கேட்டரிங் நிறுவனங்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் கட்டாயம் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை 100 பேர் என்று இறக்கியிருக்கின்றன. இந்த வேலைகள் இன்னும் பெருகும். ஷிஃப்ட் கணக்கு ஒழுங்காக இருப்பதால் ஹோட்டல் மாஸ்டர்கள் பலர் அங்கே நகர்ந்துவிட்டார்கள். ருசி பற்றி யாரும் பாராட்டவும் மாட்டார்கள், பத்தரை மணிக்கு ஒரு குடும்பம் உள்ளே வந்து "அண்ணா, என்ன இருக்கு?" என்று கேட்கவும் மாட்டார்கள்.

அப்புறம் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளன்று பந்தியில் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட்டோடு கூட்டு வைக்கும் பையனைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவன். வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப் குரூப்பில் "நாளைக்கு காலைல அஞ்சு மணி, வடபழனி, இருபது பேர்" என்று தகவல் வரும். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று கூலி, பந்தி முடிந்ததும் சாப்பாடு, கையோடு காசு. செமஸ்டர் கட்டணம் கட்டியவர்கள், வண்டி வாங்கியவர்கள் என்று சென்னையில் ஒரு தலைமுறையே இந்த வேலை பார்த்திருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அப்போது வருமானமும் கிடையாது. மார்கழியில் மட்டும் கச்சேரி நடக்கும் சபாக்களின் கேன்டீன்கள் கொஞ்சம் ஈடு கட்டும். இதே பையன்தான் ஹோட்டல் சப்ளையர் வேலைக்கு வர மாட்டான் என்று சொல்லப்படுகிறவன். சாம்பார் வாளி தூக்குவதில் அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை. மாதம் முப்பது நாளும் தூக்கு, மாடியில் படு என்றால்தான் வர மறுக்கிறான்.

நட்சத்திர ஹோட்டல் உலகம் தனி. 1975-ல் ஐடிசி ஹோட்டல் தொழிலில் கால்வைத்ததே சென்னையில் சோழா ஹோட்டல் மூலம்தான். 2012-ல் கிண்டியில் 600 அறைகளோடு கிராண்ட் சோழா வந்தது. தரமணியில் மத்திய அரசின் கேட்டரிங் கல்லூரி இருக்கிறது, தாட்கோ மூலம் பட்டியலின, பழங்குடி மாணவர்களைச் செலவில்லாமல் அங்கே படிக்க வைக்கும் திட்டமும் உண்டு. ஆனால் பல தனியார் கல்லூரி மாணவர்களுக்குத் தொழிற்பயிற்சி மாதங்கள் என்பது வெங்காயம் உரிப்பதும் படுக்கை விரிப்பதுமாகக் கழிகிறது, உதவித்தொகை பஸ் காசுக்குக் காணும். படித்து முடித்தவர்களில் நல்ல கைகள் துபாய்க்கும் சொகுசுக் கப்பலுக்கும் போகின்றன. மீதிப் பேர் இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரி வரவேற்பிலோ விமான நிலையத்திலோ இருக்கிறார்கள்.

பெண்கள் உள்ளே வராதது ஏன்?

வீட்டில் சமைப்பது பெண், ஹோட்டலில் சமைப்பது ஆண் என்பது நம் ஊர் வினோதம். சென்னை ஹோட்டல்களில் பெண்களுக்குப் பெரும்பாலும் காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, பெருக்குவது மட்டும்தான். அடுப்பும் பரிமாறலும் ஆண்களிடம். கேட்டால் பாதுகாப்பு, வலு என்று காரணம் சொல்வார்கள். 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகங்களைப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் பொங்கல் என்று மலை மலையாக அவித்து, கிளறி, பரிமாறி, கணக்கையும் பார்ப்பது சுயஉதவிக் குழுப் பெண்கள். கூலி ஒன்றும் பிரமாதம் இல்லை, நாளுக்கு 300 ரூபாயாக இருந்து 2024-ல் 325 ஆனது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் சமைப்பவர்கள் பெண்களே. அங்கெல்லாம் வர முடிந்தவர்களுக்கு ஹோட்டலுக்கு வர முடியாததற்குக் காரணம், ராத்திரி பதினொன்றுக்கு முடியும் பிரேக் ஷிஃப்டும், ஆண்களுக்கு மட்டுமே கட்டப்பட்ட மாடியறையும்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஹோட்டல்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற விதி. இருபது வருடம் சரக்கு மாஸ்டராக இருந்தவரிடம்கூட இதுவரை அப்படி ஒரு தாள் இருந்ததில்லை. செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. காகிதத்தில் டெலிவரி வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் இருந்த இடைவெளி இதனால் குறையும். அதாவது ஹோட்டலுக்கென்று இருந்த ஒரே சாதகமும் தேயும்.

ஏணியின் கடைசிப் படியும் இன்று எட்டாத உயரத்தில் இருக்கிறது. சென்னையில் முக்கியச் சாலையில் கடை பிடிக்கப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சாதாரணம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சொந்த ஹோட்டல் வைப்பது நடக்கிற காரியமில்லை. மாஸ்டர்களுக்கு மிஞ்சியது தள்ளுவண்டி. வேளச்சேரி, பெருங்குடி பக்கம் மாலையில் மோமோவும் சௌமீனும் போடும் வண்டிகளில் பல, ஏதோ ஒரு ஹோட்டல் சமையலறையில் நாலைந்து வருடம் நின்ற வடகிழக்கு, நேபாளப் பையன்களுடையவை. அவர்களும் ஹோட்டலை விட்டுப் போகத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் இதில் முதலாளிகள் படிக்க வேண்டிய செய்தி. நான்காவதாக எந்த ஊரைத் தேடுவார்கள் என்று தெரியவில்லை.

இதற்கு நடுவே உள்ளூர் ஆட்கள் தங்கி வேலை செய்கிற கடைகளும் சென்னையில் இருக்கின்றன. பேக்கரிகள், கண்ணாடி போட்ட டீ, காபி சங்கிலிக் கடைகள் சிலவற்றில் கவுன்ட்டரில் நிற்பது அதே பேட்டைப் பெண்கள், மாலைக் கல்லூரிக்குப் போகும் பையன்கள். சம்பளம் ஹோட்டலைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. தங்க அறையும் தருவதில்லை. காலை ஷிஃப்ட் என்றால் மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவுதான்.